தொடாமலே பிடிக்கும் 'ஒலி இடுக்கி': ரத்தத்தில் ஒளிந்திருக்கும் உயிரணுவைப் பிரித்தெடுக்க முடியுமா?

ஒரு மில்லிலிட்டர் ரத்தம். தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்குதான்.

அதற்குள் ஏறத்தாழ 5 பில்லியன் சிவப்பணுக்கள் இருக்கின்றன. பல மில்லியன் வெள்ளை அணுக்களும் இருக்கின்றன.

ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது, கட்டியிலிருந்து கழன்ற சில உயிரணுக்கள் அவருடைய ரத்தத்தில் மிதக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மில்லிலிட்டரில் அவை எத்தனை இருக்கும்?

பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. சில நேரம் ஒன்றுகூட இருக்காது.

உலகின் மக்கள்தொகை சுமார் 8 பில்லியன். அதில் பாதிக்கும் அதிகமானோர் கூடியிருக்கும் ஓர் இடத்தில், பெயரும் முகமும் தெரியாத பத்துப் பேரைத் தேடினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதே வேலைதான் இது.

தேடிக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அவற்றைச் சேதப்படுத்தாமல், முடிந்தால் உயிரோடு, தனியே எடுக்க வேண்டும். எடுத்தால்தான் எந்த மருந்துக்கு அவை மடியும், எதற்கு மடியாது என்று சோதித்துப் பார்க்க முடியும்.

இதற்கு ஆய்வாளர்கள் கையில் எடுத்திருக்கும் கருவிகளில் ஒன்று... ஒலி.

ஆமாங்க, ஒலிதான்! ஆனால் நம் காதுக்குக் கேட்காத ஒலி.

ஒலியால் பொருளைத் தள்ள முடியுமா?

இசை நிகழ்ச்சிகளில் பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? தாளம் விழும்போதெல்லாம் நெஞ்சுக்குள் 'தும் தும்' என்று ஒரு அதிர்வு வரும். அது வெறும் உணர்வு இல்லை. காற்று உண்மையிலேயே உங்களை அழுத்திவிட்டு விலகுகிறது.

ஒலி என்பது அழுத்தம் கூடிக் கூடிக் குறையும் ஓர் அலை. காற்றில் போனாலும் சரி, தண்ணீரில் போனாலும் சரி, அது முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே போகும்.

'முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு இழு. இரண்டும் சமமா இருந்தா பொருள் நகராதே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

தண்ணீருக்குள் இருக்கும் துகள் தண்ணீரைப் போலவே இருந்தால் அது நகராதுதான். ஆனால் துகளின் அடர்த்தி வேறு, அது அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும் அளவும் வேறு. அதனால் அலை அதன்மீது பட்டுச் சிதறுகிறது. அப்போது முன்தள்ளலும் பின்னிழுப்பும் முழுமையாகச் சமமாவதில்லை. மிகமிகச் சிறிய ஒரு மிச்சம் தங்கிவிடுகிறது.

அந்த மிச்சம் ஒருமுறை மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு விநாடியில் இருபது லட்சம் முறை வந்தால்? துகள் நகர ஆரம்பித்துவிடும்.

இதைக் கணக்காக எழுத விஞ்ஞானிகள் நெடுங்காலம் முயன்றார்கள். 1934இல் லூயிஸ் கிங் என்பவர் உருண்டையான துகள்கள்மீது ஒலி செலுத்தும் விசையைக் கணக்கிட்டார். 1962இல் கோர்கோவ் எனும் சோவியத் இயற்பியலாளர் அதைச் சுருக்கமான சூத்திரமாக்கினார். இன்றும் இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் முதலில் எடுப்பது அந்தச் சூத்திரத்தைத்தான்.

சரி, தள்ளலாம். பிடித்து வைப்பது எப்படி?

தள்ளுவது சுலபம். ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் வித்தை.

ஒரு நீளமான கயிற்றின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு வேகமாக ஆட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள். சரியான வேகம் வந்ததும் கயிறு இரண்டு, மூன்று வளைவுகளாகப் பிரிந்து ஆடும். வளைவுகளுக்கு நடுவே சில புள்ளிகள் மட்டும் அசையாமல் நிற்கும்.

அலை இரு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பார்ப்பதற்கு நின்ற இடத்திலேயே ஆடுவதுபோல் தெரியும். அதற்குப் பெயர் நிலை அலை.

அசையாத அந்தப் புள்ளிகளுக்குக் 'கணு' என்று பெயர். கரும்பில் இருக்குமே, அதே கணுதான்! இங்கே கணுக்கள் சம இடைவெளியில் இருக்கும்.

தண்ணீருக்குள் எதிரெதிராக இரு ஒலி அலைகளை அனுப்பினாலும் இதுதான் நடக்கும். சில இடங்களில் அழுத்தம் பலமாக ஏறி இறங்கும். அவற்றுக்கு இடையே சில இடங்களில் அழுத்தம் கிட்டத்தட்ட மாறாமலே இருக்கும். அவைதான் அழுத்தக் கணுக்கள். உயிரணு போன்ற துகள்கள் அந்தக் கணுக்களை நோக்கித் தள்ளப்படும். போய்ச் சேர்ந்தால் அங்கேயே நிற்கும்.

கொஞ்சம் விலகினால்? ஒலி மறுபடியும் உள்ளே தள்ளிவிடும். பள்ளத்தில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி.

மணல் காட்டிய வழி

நிலை அலையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது போடும் கோலத்தைப் பார்க்கலாம்.

1787ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கிளாட்னி, உலோகத் தட்டின்மீது மணலைத் தூவி அதன் விளிம்பை வயலின் வில்லால் உரசினார். மணல் துள்ளித் துள்ளி, அசையாத கோடுகளில் போய்ச் சேர்ந்தது. அழகான வடிவங்கள் உருவாயின.

1866இல் ஆகஸ்ட் குண்ட் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய பொடியைப் போட்டு ஒலி எழுப்பினார். பொடி சம இடைவெளியில் குவியல் குவியலாகச் சேர்ந்தது. அந்த இடைவெளியை அளந்தே ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்து நோபெல் பரிசு வென்ற சர் சி.வி. ராமன், மிருதங்கம், தபலா போன்ற கருவிகளின் தோல்மீது மெல்லிய மணலைத் தூவி, தோல் எங்கே அதிர்கிறது, எங்கே அதிரவில்லை என்று ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1934இல் வெளியானது. அடுத்த ஆண்டே, கேளா ஒலி பாயும் திரவத்தின் வழியே ஒளி எப்படிப் பிரிகிறது என்பதை நாகேந்திர நாத்துடன் சேர்ந்து விளக்கத் தொடங்கினார்.

தட்டின்மீது மணல் துள்ளுவதும் தண்ணீருக்குள் உயிரணு நகர்வதும் அச்சு அசலாக ஒன்றல்ல. மணலைத் தட்டு தூக்கிப் போடுகிறது. உயிரணுவை ஒலியின் அழுத்தம் தள்ளுகிறது. ஆனால் இரண்டிலும் துகளுக்கு 'இங்கே நில்' என்று இடம் காட்டுவது நிலை அலைதான்.

ஏன் கேளா ஒலி? சாதாரண ஒலி போதாதா?

போதாது. காரணம் சின்னக் கணக்கு.

மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் கேட்கும். அதற்கு மேல் போனால் கேளா ஒலி.

தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டால் அதன் ஓர் அலை 1.5 மீட்டர் நீளம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு உயிரணுவைப் பிடிப்பது, மீன் வலையால் கொசு பிடிப்பது மாதிரி!

இப்போது 2 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 2 மில்லியன் அதிர்வுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலையின் நீளம் 0.75 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கணுக்களுக்கு இடையிலான தூரம் அதில் பாதி.

20 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் கணுக்களின் இடைவெளி 40 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு என்று சொல்லலாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர். ரத்தச் சிவப்பணுவின் அகலம் அதில் 7 அல்லது 8.

இந்த அளவுக்கு வந்த பிறகுதான் உயிரணுக்களை ஒவ்வொன்றாகக் கையாள்வது பற்றியே பேச முடியும்.

கருவியின் உள்ளே என்ன நடக்கிறது?

பெரிய இயந்திரத்தை எதிர்பார்க்காதீர்கள். கருவியின் மையத்தில் இருப்பது விரல் அளவுச் சில்லு ஒன்று. அதில் தலைமுடி அளவில் அல்லது அதைவிடச் சற்றே அகலமான ஒரு வாய்க்கால். அதன் வழியாக ரத்தமோ வேறு திரவமோ ஓடும்.

வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிறப்புப் படிகம் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அது மிக நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880இல் கண்டறிந்தவர்கள் பியர் கியூரி, அவருடைய அண்ணன் ஜாக் கியூரி. மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் படிகம் அதிரும். அந்த அதிர்வுதான் கேளா ஒலி.

மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஸ்கேன் கருவியிலும் இதே வகைப் பொருள்தான் ஒலியை உண்டாக்குகிறது. ஆனால் வேலை வேறு. ஸ்கேன் கருவி சிறு சிறு துடிப்பாக ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கும். ஒலி இடுக்கி எதிரொலியைக் கேட்பதில்லை. ஒலியை நிற்க வைத்து, அதையே கையாகப் பயன்படுத்துகிறது.

பிடித்த துகளை எப்படி நகர்த்துவது?

மறுபடியும் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையை ஆட்டும் நேரத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் அசையாத புள்ளி சற்றே இடம் மாறும். ஒலியிலும் அப்படித்தான். ஒரு பக்க அலையைச் சிறிது தாமதப்படுத்தினால் கணு நகரும். கணுவோடு சேர்ந்து துகளும் நகரும். அலைகளின் அதிர்வெண்ணை மாற்றியும் நகர்த்தலாம்.

'ஒலி இடுக்கி' என்ற கருத்தை 1991இல் ஆய்விதழில் முன்வைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜுன்ரு வூ. குவிக்கப்பட்ட இரு கேளா ஒலிக் கற்றைகளுக்கு நடுவே நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளையும் தவளை முட்டைக் கூட்டத்தையும் அவர் பிடித்து வைத்துக் காட்டினார். 2012இல் டோனி ஹுவாங் தலைமையிலான குழு ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உயிருள்ள புழுவையே சில்லுக்குள் பிடித்து நகர்த்தியது.

லேசர் இருக்கிறதே, அது போதாதா?

நல்ல கேள்வி. ஒளியால் துகளைப் பிடிக்கும் 'ஒளி இடுக்கி' ஏற்கெனவே இருக்கிறது. அதை உருவாக்கிய ஆர்தர் ஆஷ்கின் 2018இல் இயற்பியல் நோபெல் பரிசைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 96!

ஒளி இடுக்கியின் துல்லியம் அபாரம். ஆனால் அதற்கு லேசரை ஒரு புள்ளியில் தீவிரமாகக் குவிக்க வேண்டும். அந்தச் சூடும் வெளிச்சமும் உயிரணுவைப் பாதிக்கலாம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவற்றைக் கையாள்வதும் கடினம்.

ஒலிக்குத் தேவைப்படும் சக்தி அதைவிடப் பல மடங்கு குறைவு. கலங்கலான திரவத்துக்குள்ளும் ஒலி போகும். ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கான உயிரணுக்களை வரிசையாக நிறுத்தும். ஒலி நின்றதும் அவை தம் பாட்டுக்குப் போய்விடும், சாயமோ காந்தமோ எதுவும் ஒட்டியிருக்காது.

சுருக்கமாகச் சொன்னால், ஒன்றை மட்டும் மிகத் துல்லியமாகப் பிடிக்க ஒளி. கூட்டத்தை மென்மையாகப் பிரிக்க ஒலி.

ரத்தத்தில் எது எந்தப் பக்கம் போகும்?

ஒலி எல்லாத் துகளையும் ஒரே மாதிரித் தள்ளுவதில்லை. இதில்தான் முழுப் பயனும் இருக்கிறது.

துகள் எவ்வளவு பெரியது, எவ்வளவு அடர்த்தியானது, அழுத்தினால் எவ்வளவு சுருங்கும் என்ற மூன்றையும் பொறுத்து அதன் பாதை மாறும்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஒரு நல்ல பிரச்சினைக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இதய அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் உடலிலிருந்து வழியும் ரத்தத்தைச் சேகரித்து அவருக்கே திரும்பச் செலுத்துவது உண்டு. ஆனால் அதில் கொழுப்புத் துளிகள் கலந்திருக்கும். அவை மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

தாமஸ் லாரெல் குழுவினர் அந்த ரத்தத்தை நிலை அலை இருக்கும் வாய்க்கால் வழியாக அனுப்பினார்கள். சிவப்பணுக்கள் வாய்க்காலின் நடுவே இருந்த கணுவுக்கு வந்தன. கொழுப்போ ரத்தத் திரவத்தைவிட லேசானது, அதிகம் சுருங்கக்கூடியது. அதனால் அது எதிர்த்திசையில், இரு கரைகளுக்கும் போனது. வாய்க்கால் முடியும் இடத்தில் மூன்று கிளைகள். நடுக் கிளையில் ரத்தம், ஓரக் கிளைகளில் கொழுப்பு. வடிகட்டியே இல்லாமல் வடிகட்டியாகிவிட்டது!

புற்றுநோய் உயிரணுவுக்கு வருவோம்

புற்றுநோய் உயிரணுக்களைப் பிரிக்க வேறு முறைகளும் உண்டு. அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு, அதில் நுண்ணிய காந்தத் துகளை ஒட்டி இழுப்பது ஒன்று. ஆனால் எல்லாப் புற்றுநோய் உயிரணுக்களிலும் அந்தப் புரதம் இருப்பதில்லை. இல்லாதவை தப்பிவிடும்.

ஒலி அப்படி அடையாள அட்டை கேட்பதில்லை. உடல்வாகை மட்டுமே பார்க்கிறது. புற்றுநோய் உயிரணுக்கள் பெரும்பாலும் வெள்ளை அணுக்களைவிடச் சற்றுப் பெரியவை. அந்தச் சிறு வித்தியாசம்தான் பிடிமானம்.

2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. டோனி ஹுவாங் குழுவுடன் எம்ஐடி ஆய்வாளர்களும் அதில் சேர்ந்திருந்தனர். ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒருவர் சுப்ரா சுரேஷ். சென்னை ஐஐடியில் பொறியியல் படித்தவர். பின்னர் 2018 முதல் 2022 வரை சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவரும் அவரே.

அவர்கள் ஒலி அலையை ஓட்டத்துக்கு நேராக வைக்காமல் சற்றே சாய்த்து வைத்தார்கள். அப்படிச் செய்தால் ஓடிவரும் உயிரணு ஒன்றன்பின் ஒன்றாகப் பல கணுக்களைக் கடக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கணுவிலும் அதற்கு ஒரு சிறிய பக்கத் தள்ளல் கிடைக்கும். பெரிய உயிரணுவுக்குத் தள்ளல் அதிகம், சின்னதுக்குக் குறைவு. வாய்க்காலின் முடிவுக்கு வரும்போது இரண்டும் வேறு வேறு பாதையில் இருக்கும்.

சிவப்பணுக்களை முதலிலேயே ரசாயனத்தால் நீக்கிவிட்டு, மிச்சமுள்ள வெள்ளை அணுக்களிலிருந்து புற்றுநோய் உயிரணுக்களைப் பிரித்தார்கள். வேண்டுமென்றே கலந்து வைத்த புற்றுநோய் உயிரணுக்களில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானவை மீண்டும் கிடைத்தன. மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் ரத்தத்திலும் சோதித்தார்கள். அங்கும் கிடைத்தன.

ஆனால் 6 மில்லிலிட்டர் ரத்தத்தைப் பார்த்து முடிக்க ஏறத்தாழ 5 மணி நேரம் பிடித்தது. 2018இல் வெளிவந்த அடுத்த பதிப்பு 7.5 மில்லிலிட்டரை ஒரு மணி நேரத்தில் முடித்தது. மூன்றே ஆண்டில் நல்ல முன்னேற்றம்.

அப்படின்னா ஏன் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை?

இங்குதான் இயற்பியல் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறது.

முதல் சிக்கல், அளவு. ஒலியின் விசை துகளின் கன அளவைப் பொறுத்தது. 12 மைக்ரோமீட்டர் உருண்டையைவிட 6 மைக்ரோமீட்டர் உருண்டைக்கு விசை 8 மடங்கு குறைவு. திரவத்தின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 4 மடங்கு மெதுவாக நகரும். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு? வேகம் 100 மடங்கு குறைந்துவிடும். பாக்டீரியா ஏறத்தாழ அந்த அளவுதான். வைரஸ்கள் இதைவிடவும் சின்னவை.

இரண்டாவது, ஒலி துகளை மட்டும் தள்ளுவதில்லை. திரவத்தையும் மெதுவாகச் சுழல வைக்கிறது. பெரிய உயிரணு அந்தச் சுழலைப் பொருட்படுத்தாது. மிகச் சிறிய துகளை அது கோப்பியில் சுழலும் தூள்போல இழுத்துக்கொண்டு போய்விடும். அதிர்வெண்ணை உயர்த்தி இதை ஓரளவு சமாளிக்கலாம். 2017இல் இதே குழு, உயிரணுக்கள் வெளியேற்றும் மிகச் சிறிய பைகளான எக்ஸோசோம்களை ரத்தத்திலிருந்து பிரித்தது அந்த வழியில்தான்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். எல்லாப் புற்றுநோய் உயிரணுவும் பெரியதல்ல. சில சின்னவை. சில வெள்ளை அணுக்கள் பெரியவை. உடல்வாகை மட்டும் பார்த்துப் பிரிக்கும்போது சிலது தப்பும், சிலது தவறாகச் சேரும். அதனால் ஒலி பிரித்துக் கொடுத்த பிறகும் அது உண்மையிலேயே புற்றுநோய் உயிரணுதானா என்று வேறொரு சோதனை உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது.

நான்காவது, சூடு. அதிரும் படிகம் சூடாகும். ஒலியைக் கூட்டினால் விசை கூடும், வெப்பமும் கூடும். உயிரணுவை உயிரோடு எடுக்கத்தானே இவ்வளவு பாடு?

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு சொட்டு ரத்தம் போதும், எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடும்' என்று சமூக ஊடகத்தில் பார்த்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பத்து உயிரணுக்கூட இல்லாத ஒரு மில்லிலிட்டரில், ஒரு சொட்டில் எத்தனை இருக்கும்? நீங்களே கணக்குப் போடலாம். இந்த ஆய்வுகளின் இலக்கு பெரும்பாலும் ஏற்கெனவே நோய் உறுதியானவர்கள். அவர்களுக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா, நோய் பரவுகிறதா என்று ஊசியால் கட்டியைக் குத்தாமல் கண்காணிப்பதே நோக்கம்.

ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டதா?

சில இடங்களில் வந்துவிட்டது. உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டு எண்ணும் கருவிகள் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் உயிரணுக்கள் ஓரத்துக்கு ஒதுங்காமல் நடுவே ஒற்றை வரிசையில் வர கேளா ஒலிதான் உதவுகிறது. பயன்படுத்துபவர்களுக்கு அது சத்தமே போடாது என்பதால் உள்ளே ஒலி இருப்பதே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சிங்கப்பூரிலும் இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில்லின் மேற்பரப்பில் ஓடும் ஒலி அலைகளைக் கொண்டு உயிரணுக்களைப் பிரிக்கும் முறைகள் குறித்துப் பல கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறார்கள்.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் வேறு பாதையில் போனார்கள். ஒலிக்கு முன்னால் மேடுபள்ளங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்து, ஒலியை வேண்டிய வடிவத்தில் விழ வைத்தார்கள். 2016இல் தண்ணீரில் இருந்த துகள்கள் ஒன்றுசேர்ந்து பிக்காசோ வரைந்த புறாவின் வடிவம் எடுத்தன! 2023இல் அதே முறையை முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிரணுக்களைத் தொடாமல் அடுக்கித் திசுக்களை வளர்க்க இது உதவக்கூடும்.

உடலுக்கு உள்ளேயே செய்ய முடியுமா?

இதற்கும் முயற்சி நடக்கிறது. இங்கே துகள் கொஞ்சம் பெரியது: சிறுநீரகக் கல்.

சியாட்டலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, தோலுக்கு வெளியே ஒரு கருவியை வைத்துக் கேளா ஒலியால் சிறுநீரகக் கற்களைத் தள்ளிப் பார்த்தது. 15 பேரிடம் நடத்திய முதல் மனிதச் சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. பெரும்பாலானோருக்குக் கல் இடம் மாறியது.

2020இல் அதே பல்கலைக்கழகத்தினர் தள்ளுவதிலிருந்து பிடிப்பதற்குப் போனார்கள். நடுவில் அமைதி, சுற்றிலும் பலமான ஒலி என்று வளையம் போன்ற ஒரு கற்றையை உருவாக்கினார்கள். உயிருள்ள பன்றிகளின் சிறுநீர்ப்பைக்குள் இருந்த 3 மில்லிமீட்டர் கண்ணாடி உருண்டையை அந்த வளையத்துக்குள் சிக்கவைத்து, முன்கூட்டியே வகுத்த பாதையில் நகர்த்தினார்கள். வயிற்றில் ஒரு வெட்டுகூட இல்லை.

சிறுநீரகக் கல் வலியை அனுபவித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கல்லை ஒரு விரல் அளவு நகர்த்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்கள் சொல்வார்கள்.

கடைசியாக, நினைவில் வைக்க

● கேளா ஒலி திரவத்துக்குள் நிலை அலையாக நிற்கும்போது, துகள்கள் தங்குவதற்கான இடங்களான கணுக்கள் உருவாகின்றன.

● துகளின் அளவு, அடர்த்தி, சுருங்கும் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து ஒலி அவற்றைப் பிரிக்கிறது. சாயமோ காந்தமோ தேவையில்லை.

● துகள் சிறிதாகச் சிறிதாக ஒலியின் பிடி வேகமாகத் தளர்கிறது. இந்தத் துறையின் பெரிய தடைகளில் அதுவும் ஒன்று.

● ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வதும் மருத்துவமனையில் நம்பத்தக்க சோதனையாவதும் ஒன்றல்ல. நடுவில் நிறைய நோயாளிகளிடம், நிறைய முறை சோதிக்கும் வேலை இருக்கிறது.

பள்ளியில் நிலை அலைகளைப் படிக்கும்போது 'இதெல்லாம் எதுக்குப் படிக்கிறோம்?' என்று தோன்றியிருக்கலாம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அந்தப் பத்து உயிரணுக்களைத் தேடுபவர்கள் தினமும் போடும் கணக்கு அதே பாடத்திலிருந்துதான் வருகிறது. அளவு ஒத்துப்போகும் உயிரணுக்களை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு மட்டும் முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கப்போவது இந்தப் பாடத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒருவராகக்கூட இருக்கலாம்.